கலிஃபோர்னியாவில் ஒரு நகரத்தின் இன்சூரன்ஸைப் புதுப்பிப்பது எப்படி: ஜனவரியிலிருந்து ஜூன் 30 இரவு வரை

கலிஃபோர்னியாவில் ஒரு சின்ன நகரத்தின் நிதித் துறையிலோ சிட்டி மேனேஜர் அலுவலகத்திலோ புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள், "இந்த வருஷ ரினியூவலை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஃபைலைக் கையில் திணித்துவிட்டார்கள் என்றால் இது உங்களுக்குத்தான். லயபிலிட்டி (நகரத்தால் மற்றவர்களுக்கு நேரும் காயம், நட்டத்துக்கான பொறுப்பு), சொத்து, நிலநடுக்கம் மூன்றையும் நான் பல வருடம் புதுப்பித்திருக்கிறேன், புதிதாக வந்தவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்றும் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஒரே இடம்தான்: ஜூனில் வரும் தலைவலிக்கு ஜூனில் மருந்து தேடுவார்கள். ஜூனில் வரும் விலை, ஜனவரியில் நீங்கள் நிரப்பிய எக்செலிலேயே பாதி முடிவாகிவிட்டது.

1. காலண்டரைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

இங்கே நகரங்களின் நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது, பாலிசிகளும் பெரும்பாலும் அதே தேதிதான். பாலிசியில் "ஜூலை 1 வரை" என்று பார்த்துவிட்டு அந்த நாள் முழுக்கக் கையில் இருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். பாலிசி முடிவது நள்ளிரவு தாண்டி 12.01க்கு. ஆக, உங்கள் கடைசி நாள் ஜூன் 30, அதுவும் புரோக்கர் ஆபீஸ் மூடுவதற்குள். இரண்டு மூன்று நாள் இடைவெளி விழுந்தால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: 2019இல் ரிட்ஜ்கிரெஸ்ட் நிலநடுக்கம் வந்தது ஜூலை 4இல்.

அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். கவுன்சில் பெரும்பாலான ஊர்களில் மாதம் இரண்டு முறை கூடும். பிரவுன் சட்டம் என்ற மாநிலத் திறந்த கூட்டச் சட்டப்படி, வழக்கமான கூட்டத்தின் அஜெண்டாவை 72 மணி நேரம் முன்பே ஒட்டியாக வேண்டும். சில அவசர விதிவிலக்குகள் தவிர, அதில் இல்லாத எதையும் கவுன்சில் முடிவு செய்ய முடியாது. அஜெண்டாவில் ஏறுவதற்கு முன்னால் உங்கள் அறிக்கை நிதி இயக்குநர், சிட்டி அட்டர்னி, சிட்டி மேனேஜர் என்று மூன்று மேசை ஏறி இறங்க வேண்டும், எங்கள் ஊரில் அதற்கு மூன்று வாரம். ஜூன் மூன்றாம் செவ்வாய்க் கூட்டம் என்றால் மே கடைசியில் அறிக்கை எழுதி முடிந்திருக்க வேண்டும். ஆனால் சொத்து, நிலநடுக்க விலைகள் வருவதோ பெரும்பாலும் ஜூன் நடுவில். இந்தப் பள்ளத்தை எப்படித் தாண்டுவது என்பதை 7ஆம் படியில் சொல்கிறேன், இப்போதைக்கு அது இருக்கிறது என்று சிவப்பு மையில் குறித்துக்கொள்ளுங்கள்.

என் கணக்கு இது: ஜனவரி, பிப்ரவரி கட்டடப் பட்டியலுக்கு, மார்ச் கிளெய்ம் விவரங்களுக்கு, ஏப்ரல் முதல் வாரம் எல்லாம் புரோக்கர் கையில். ஏப்ரல் தாண்டி அனுப்பினால் அண்டர்ரைட்டர் (கம்பெனியில் ஆபத்தை எடைபோட்டு விலை சொல்பவர்) மேசையில் நூறு நகரங்களின் ஃபைல்களுக்குக் கீழே உங்கள் ஃபைல் போய் உட்காரும், ஏனென்றால் எல்லோருக்கும் ஜூலை 1தான்.

2. கையில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

சின்ன நகரங்கள் பெரும்பாலும் கம்பெனியிடம் நேரடியாக லயபிலிட்டி பாலிசி வாங்குவதில்லை. பல நகரங்கள் சேர்ந்து நடத்தும் கூட்டு அதிகார அமைப்பு, அதாவது ஜேபிஏ, அதில் உறுப்பினராக இருக்கும். அரசாங்கச் சட்டத் தொகுப்பின் 990.8ஆம் பிரிவு இப்படிச் சேர்ந்து நட்டத்தைப் பகிர்வதை "இன்சூரன்ஸ்" என்றே கருதுவதில்லை. இது வக்கீல் நுணுக்கம் மாதிரித் தெரியும், ஆனால் விளைவு பெரிது. உங்கள் கையில் இருப்பது பாலிசி இல்லை, கவரேஜ் ஒப்பந்தம். அதன் வாசகத்தை எழுதுவது உறுப்பினர் நகரங்கள். பழைய வருடங்களின் நட்டம் எதிர்பார்த்ததைத் தாண்டினால் கூடுதல் பணம் கேட்டு உங்களுக்கே பில் வரலாம். விலகுவதென்றால் எத்தனை மாதம் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள். மே மாதம் "வேறு இடத்தில் விலை கேட்கலாமே" என்று ஒரு கவுன்சில் உறுப்பினர் கேட்கும்போது, அந்தக் கெடு எப்போதோ தாண்டியிருக்கும்.

மேசையில் இருக்க வேண்டியவை: போன வருடத்துப் பைண்டர் (முழுப் பாலிசி வரும் வரை கவரேஜை உறுதிசெய்யும் தற்காலிக ஆவணம்), முழுப் பாலிசி வாசகங்கள், ஜேபிஏ ஒப்பந்தம், போன வருடக் கவுன்சில் தீர்மானம், அப்புறம் நகரம் வெளியிட்ட கடன் பத்திரங்களின் ஆவணங்கள். கடைசியில் சொன்னதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். சிட்டி ஹாலையோ காவல் நிலையத்தையோ வைத்துக் குத்தகை வருவாய்ப் பத்திரம் போட்டிருந்தால், அந்தக் கட்டடத்துக்கு இன்ன இன்ன இன்சூரன்ஸ் இருக்கும் என்று நகரம் கையெழுத்துப் போட்டிருக்கும், வாடகை நின்றுபோனால் ஈடுகட்டும் இன்சூரன்ஸ் உட்பட. அதைப் பார்க்காமல் பிரீமியத்தைக் குறைக்கிறேன் என்று ஏதாவது ஒன்றை வெட்டினால் ஒப்பந்தமீறல் ஆகிவிடும்.

மத்திய அரசின் பேரிடர் உதவி அமைப்பான ஃபீமாவின் பணத்தில் முன்பு சீரமைத்த கட்டடம் உண்டா என்றும் கேளுங்கள். ஸ்டாஃபோர்டு சட்டத்தின் 311ஆம் பிரிவுப்படி அப்படிப்பட்ட கட்டடத்துக்கு இன்சூரன்ஸ் வைத்திருக்கும் கடமை வரலாம். வைக்காமல் விட்டால் அடுத்த பேரிடரில் அந்தக் கட்டடத்துக்கான உதவியே சிக்கலாகும்.

3. கட்டடப் பட்டியல்: இங்கேதான் நேரத்தைப் போடுங்கள்

ஒவ்வொரு கட்டடமும் ஒரு வரி. முகவரி, சதுர அடி, கட்டிய ஆண்டு, எத்தனை மாடி, எதனால் கட்டியது, ஸ்பிரிங்க்ளர் உண்டா, கட்டடத்தின் மறுகட்டுமான மதிப்பு, உள்ளே இருக்கும் பொருட்களின் மதிப்பு. போன வருடப் பட்டியலை எடுத்து எல்லாவற்றையும் 5 சதவீதம் ஏற்றி அனுப்பிவிடுவதுதான் வழக்கமான தவறு. நானும் முதல் வருடம் அதைத்தான் செய்தேன்.

ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். புதிதாக ஒரு நிரல் போட்டு, மதிப்பைச் சதுர அடியால் வகுங்கள். 8,000 சதுர அடி தீயணைப்பு நிலையம் 16 லட்சம் டாலர் என்று இருந்தால் சதுர அடிக்கு 200 டாலர் வருகிறது. அந்த விலைக்கு இன்றைய கலிஃபோர்னியாவில் தீயணைப்பு நிலையம் கட்டித்தர யாரும் வரமாட்டார்கள். அரசுக் கட்டுமானத்துக்குத் தொழிலாளர் சட்டப்படி நிர்ணயித்த கூலியைக் கொடுத்தாக வேண்டும், ஆகவே தனியார் கட்டட விலையை வைத்துக் கணக்குப் போட முடியாது. மதிப்பைக் குறைத்துக் காட்டினால் பிரீமியம் மிச்சமாகும் என்று நினைப்பவர்கள் பாலிசியில் மார்ஜின் கிளாஸ் என்ற வாசகம் இருக்கிறதா என்று பார்க்கட்டும். அது 110 சதவீதம் என்றிருந்தால், 25 மில்லியன் என்று நீங்கள் எழுதிக்கொடுத்த கட்டடம் முழுதாக விழுந்தாலும் 27.5 மில்லியன்தான் உச்சம், திரும்பக் கட்ட 40 ஆனாலும்.

அடுத்தது இடம். நிலநடுக்க விலையைத் தீர்மானிக்கும் கணினி மாதிரிகள் முகவரியை அட்சரேகை, தீர்க்கரேகையாக மாற்றித்தான் வேலை செய்யும். பம்ப் ஸ்டேஷனுக்கு ஏது முகவரி? "லெவி ரோடு கடைசி" என்று எங்கள் பட்டியலில் ஒன்று இருந்தது. மாதிரி அதை ஊரின் நடுமையத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டது. அப்படி ஏழு கட்டடம் ஒரே புள்ளியில் குவிந்திருந்தன. ஜிஐஎஸ் (கணினி வரைபட) பிரிவில் இருந்த பையன் ஒரு மத்தியான வேளையில் எல்லாவற்றுக்கும் சரியான ஆயத்தொலைவு போட்டுக் கொடுத்தான், செலவு ஒரு காபி.

அப்புறம் காலிக் கட்டங்கள். தெரியாததைக் காலியாக விட்டால் மாதிரி தன் பாட்டுக்கு ஒன்றை ஊகித்துக்கொள்ளும், அந்த ஊகம் உங்களுக்குச் சாதகமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. எங்கள் நூலகம் பழைய கட்டடம், ஆனால் பிற்காலத்தில் உள்ளே கான்கிரீட் சுவர் எழுப்பிப் பலப்படுத்தியிருந்தார்கள். பட்டியலில் அந்தக் கட்டம் பல வருடமாக "தெரியாது". பொதுப்பணித் துறையின் அடித்தளத்தில், சுருட்டி ரப்பர் பேண்ட் போட்ட வரைபடக் கட்டுக்குள், அந்த வேலையின் படமும் இன்ஜினியர் கையெழுத்தும் கிடைத்தன. ஸ்கேன் செய்து சேர்த்தோம், மாதிரியில் அந்தக் கட்டடத்தின் நட்டக் கணக்கு அந்த வருடமே இறங்கியது. செங்கல் கட்டடங்கள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை: கம்பி போடாத செங்கல் சுவரா, பலப்படுத்தியதா என்பது ஒரே எழுத்து வித்தியாசம் மாதிரித் தெரியும், விலையில் மலை வித்தியாசம். 2014 நாபா நிலநடுக்கத்தில் நகர மையத்தின் பழைய செங்கல் கட்டடங்கள் என்ன பாடுபட்டன என்பதை அண்டர்ரைட்டர்கள் மறக்கவில்லை.

விற்றுவிட்ட கட்டடங்களை நீக்குங்கள், புதியதைச் சேருங்கள். இதற்கு ஒவ்வொரு துறைத் தலைவரிடமும் நேரில் போய்க் கேட்க வேண்டும், மின்னஞ்சல் போட்டால் "மாற்றம் இல்லை" என்றுதான் பதில் வரும்.

4. லயபிலிட்டி: லாஸ் ரன்னை நம்புங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள்

குறைந்தது ஐந்து வருட லாஸ் ரன், அதாவது வந்த கிளெய்ம்களின் பட்டியல், கேட்பார்கள், பத்து என்றால் இன்னும் நல்லது. சமீபத்திய தேதியிட்டதாக இருக்கட்டும். சம்பளப் பட்டியல் மொத்தம், பட்ஜெட், காவலர் எண்ணிக்கை, வாகனங்கள் இவையெல்லாம் நிதித் துறையில் கிடைத்துவிடும். காவல் துறைக்கான தனி விண்ணப்பம்தான் தாமதமாகும், பலப்பிரயோகக் கொள்கை, உடல் கேமரா, பயிற்சி என்று பக்கம் பக்கமாக இருக்கும். அதை முதலில் அனுப்பிவிடுங்கள்.

லாஸ் ரன்னில் இல்லாததுதான் ஆபத்து. கலிஃபோர்னியாவில் நகரத்தின் மேல் உடல் காயத்துக்கோ பொருள் சேதத்துக்கோ கிளெய்ம் போட பொதுவாக ஆறு மாதம் அவகாசம் உண்டு, போட்ட பிறகு நகரம் முடிவெடுக்க 45 நாள். மார்ச்சில் நடைபாதையில் ஒருவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தால் அந்தக் காகிதம் செப்டம்பரில் வந்து சேரலாம். விண்ணப்பத்திலோ "கிளெய்ம் வரக்கூடிய சம்பவம் ஏதும் தெரியுமா?" என்று கேட்டிருப்பார்கள். அதற்கு "இல்லை" என்று எழுதுவதற்கு முன் காவல் துறைத் தலைவர், பொதுப்பணி, பூங்கா, சிட்டி அட்டர்னி நால்வரிடமும் கேட்டு, அவர்கள் பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். தெரிந்தே மறைத்ததாகப் பிறகு சொல்லிவிட்டால் கவரேஜுக்கே ஆபத்து.

பெரிய கிளெய்ம் ஒவ்வொன்றுக்கும் அரைப்பக்கம் எழுதுங்கள்: என்ன நடந்தது, வழக்கு எந்த நிலையில், அதற்குப் பிறகு நகரம் எதை மாற்றியது. வெறும் எண்ணைப் பார்க்கும் அண்டர்ரைட்டர் மோசமானதைத்தான் நினைப்பார். ஆனால் இதைப் புரோக்கருக்கு அனுப்புவதற்கு முன் சிட்டி அட்டர்னி பார்க்கட்டும். வழக்குக்கு ஒதுக்கிய தொகை எக்காரணம் கொண்டும் கவுன்சிலின் பொது அறிக்கையில் வந்துவிடக் கூடாது, எதிர்த்தரப்பு வக்கீல் அஜெண்டாவை நம்மைவிடக் கவனமாகப் படிப்பார்.

வாசகத்தில் நான் முதலில் தேடுவது இரண்டு. ஒன்று, இன்வர்ஸ் காண்டெம்னேஷன். கழிவுநீர் வீட்டுக்குள் திரும்பி வந்தால் சொத்தைப் பறித்ததாகவே நகரத்தின் மேல் வழக்குப் போடுவார்கள். 2019இல் ஓரோவில் நகர வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் நகரத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது உண்மைதான், அதற்காக வழக்கு வருவது நின்றுவிடவில்லை. பல ஒப்பந்தங்களில் இது விலக்கப்பட்டிருக்கும் அல்லது சின்ன வரம்புக்குள் அடைக்கப்பட்டிருக்கும். இரண்டாவது, பாலியல் வன்கொடுமை தொடர்பான விலக்கு. ஏபி 218 சட்டம் 2020 முதல் மூன்று வருடத்துக்கு, சிறுவயதில் நடந்த பழைய கொடுமைகள் பற்றிய வழக்குகளுக்குக் கதவைத் திறந்துவிட்டதற்குப் பிறகு இந்த வாசகங்கள் இறுகிவிட்டன. கோடை முகாம் நடத்தும் எந்த நகரத்துக்கும் இந்தக் கவரேஜ் வேண்டும். இதே காரணத்துக்காக, சம்பவம் நடந்த தேதியை வைத்துப் பணம் தரும் பழைய பாலிசிகளைத் தூக்கிப்போடாதீர்கள், 1980களின் பாலிசிக்கு நேற்று வேலை வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கவுன்சிலில் யாராவது தண்டனை இழப்பீடு பற்றிக் கேட்பார்கள். அரசாங்கச் சட்டத் தொகுப்பு 818ஆம் பிரிவுப்படி நகரத்தின் மேல் அதை விதிக்க முடியாது. இந்த ஒரு வரியைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

5. நிலநடுக்கம்: டிடக்டிபிளை டாலரில் எழுதிப் பாருங்கள்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். கலிஃபோர்னியா நிலநடுக்க ஆணையம் வீடுகளுக்கு மட்டும்தான், சிட்டி ஹாலுக்கு அங்கே வாங்க முடியாது. நகரம் தனிச் சந்தையிலோ ஜேபிஏ திட்டம் மூலமோ வாங்க வேண்டும்.

டிடக்டிபிள் என்பது நட்டத்தில் நகரமே ஏற்க வேண்டிய முதல் பங்கு. "5 சதவீத டிடக்டிபிள்" என்பதைப் படித்துவிட்டு நட்டத்தில் 5 சதவீதம் என்று புரிந்துகொள்ளாத புதியவரை நான் பார்த்ததில்லை. கணக்கைப் பாருங்கள். சிட்டி ஹால் கட்டடம் 40 மில்லியன் டாலர், உள்ளே பொருட்கள் 4 மில்லியன். நிலநடுக்கத்தில் கட்டடத்துக்கு 3 மில்லியன் சேதம், பொருட்களுக்கு 1,50,000. மொத்தம் 31,50,000. அதில் 5 சதவீதம் என்றால் 1,57,500 போனால் போகட்டும் என்று தோன்றும். ஆனால் டிடக்டிபிள் என்பது சேதமடைந்த ஒவ்வொரு அலகின் மதிப்பில் 5 சதவீதம், தனித்தனியாக. கட்டடத்துக்கு 2 மில்லியன் கழிந்து 1 மில்லியன் கிடைக்கும். பொருட்களுக்கு 2,00,000 கழிய வேண்டும், சேதமே 1,50,000தான், ஆக ஒன்றும் வராது. நகரம் ஏற்பது 21,50,000. இந்த அட்டவணையை உங்கள் முதல் ஐந்து பெரிய கட்டடங்களுக்குப் போட்டு கவுன்சில் அறிக்கையோடு சேருங்கள். இதைப் பார்த்த பிறகு நகரத்தின் ரிசர்வ் நிதியைப் பற்றிய பேச்சே மாறும்.

அடுத்து, மணிக்கணக்கு. எத்தனை மணி நேரத்துக்குள் வரும் அதிர்வுகள் ஒரே நிகழ்வு என்று பாலிசி சொல்லும், 72 அல்லது 168 என்று இருப்பது வழக்கம். ரிட்ஜ்கிரெஸ்டில் 2019 ஜூலை 4 காலை 6.4, மறுநாள் இரவு 7.1, இடையில் சுமார் 34 மணி நேரம். இரண்டு வாசகத்திலும் ஒரே நிகழ்வு, ஒரே டிடக்டிபிள். ஃபெர்ண்டேல் பக்கம் 2022 டிசம்பர் 20இல் 6.4 வந்தது, 2023 ஜனவரி 1இல் ரியோ டெல் அருகே 5.4. பன்னிரண்டு நாள் இடைவெளி, 168 மணியையும் தாண்டிவிட்டது. அங்கே பாலிசி இருந்திருந்தால் டிடக்டிபிள் இரண்டு முறை.

எவ்வளவு வரம்பு வாங்குவது? மொத்த மதிப்பு முழுவதற்கும் யாரும் வாங்குவதில்லை, கட்டாது. 250 வருடத்துக்கு ஒருமுறை வரக்கூடிய நிலநடுக்கத்தில் என்ன நட்டம் வரும் என்று கணினி மாதிரி சொல்லும் அறிக்கையைப் புரோக்கரிடம் கேட்டு, அதிலிருந்து பேரம் தொடங்குங்கள். 3ஆம் படியில் சோம்பல் பட்டிருந்தால் இந்த அறிக்கைக்கு மதிப்பே இல்லை. கூட்டுத் திட்டத்தில் வாங்கினால் இன்னொரு கேள்வி: இந்த வரம்பு உங்களுக்கு மட்டுமா, எல்லா உறுப்பினருக்கும் பொதுவா? 25 மில்லியன் என்று பெருமையாக எழுதியிருக்கும், பக்கத்து மூன்று ஊர்களும் அதே 25இல் பங்கு கேட்கும், ஒரே நிலநடுக்கம்தானே எல்லோரையும் ஆட்டும்.

நிலநடுக்கத்துக்குப் பின் மூளும் தீயைச் சொத்துப் பாலிசிதான் பொதுவாக ஏற்கும், இன்சூரன்ஸ் சட்டத் தொகுப்பின் 2071ஆம் பிரிவில் உள்ள நிலையான தீ வாசகத்தின் வழியில். ஸ்பிரிங்க்ளர் குழாய் உடைந்து நனைந்தால்? அதற்குத் தனி வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

6. சந்தைக்குப் போவது, விலைகளை ஒப்பிடுவது

இரண்டு புரோக்கர்களை ஒரே கம்பெனிகளுக்கு அனுப்பாதீர்கள். முதலில் போனவர் இடம் பிடித்துக்கொள்வார், மற்றவருக்குக் கதவு மூடிவிடும், சந்தையில் உங்கள் பெயரும் கெடும். இருவர் வேண்டுமென்றால் எந்தக் கம்பெனி யாருக்கு என்று எழுத்தில் பிரித்துக் கொடுங்கள்.

விலை வந்ததும் பிரீமியம் வரியை மட்டும் பார்க்காதீர்கள். சர்ப்ளஸ் லைன் பாலிசி, அதாவது மாநில உரிமம் இல்லாத கம்பெனி தருவது, என்றால் மேலே 3 சதவீத மாநில வரி, அதோடு சின்னதாக ஒரு முத்திரைக் கட்டணம். 10 லட்சம் டாலர் பிரீமியத்தில் வரியே 30,000, பட்ஜெட்டில் இதை விட்டுவிட்டு ஜூலையில் திரும்பக் கவுன்சிலுக்குப் போனவர்கள் உண்டு. நடுவில் ரத்து செய்தாலும் திரும்பாத குறைந்தபட்சப் பங்கும் இருக்கும், 25 சதவீதம் என்று அடிக்கடி பார்க்கலாம். கம்பெனி திவாலானால் மாநில உத்தரவாத அமைப்பு சர்ப்ளஸ் பாலிசிக்குக் கை கொடுக்காது, அதனால் கம்பெனியின் நிதித் தரமதிப்பீட்டைக் கேட்டு வாங்குங்கள். போன வருட வாசகத்துக்கும் இந்த வருடத்துக்கும் என்ன வித்தியாசம் என்று புரோக்கரிடமே ஒரு பக்கத்தில் எழுதி வாங்குங்கள். "எல்லாம் பழையபடிதான்" என்று வாயால் சொல்வது கணக்கில் சேராது.

7. கவுன்சில்: "மிகாமல்" என்ற சொல்

இப்போது அந்தப் பள்ளம். அறிக்கை மே கடைசியில், விலை ஜூன் நடுவில். விலைக்காகக் காத்திருந்தால் அஜெண்டா போய்விடும், 24 மணி நேர அறிவிப்பில் சிறப்புக் கூட்டம் கூட்டலாம்தான், ஆனால் ஐந்து பேரையும் ஜூன் கடைசி வாரத்தில் பிடித்துவிடுவீர்களா? ஆகவே உச்சவரம்பு கேளுங்கள். தீர்மானம் ஏறக்குறைய இப்படி: "சொத்து, நிலநடுக்கப் பாலிசிகளை வரி, கட்டணங்கள் உட்பட மொத்தம் இன்ன தொகைக்கு மிகாமல் வாங்கவும், ஆவணங்களில் கையெழுத்திடவும் சிட்டி மேனேஜருக்கு அதிகாரம் அளிக்கப்படுகிறது."

அந்தத் தொகையைப் புரோக்கர் எழுத்தில் கொடுத்த மதிப்பீட்டின் உயர்நிலையிலிருந்து ஒரு 10 சதவீதம் மேலே வைப்பது என் பழக்கம். அதற்கு மேல் வைக்க மாட்டேன், இது பொது ஆவணம், நம் உச்சவரம்பை அண்டர்ரைட்டரும் படிக்கலாம். உச்சவரம்பைத் தாண்டினால் என்ன செய்வது என்றும் அதே தீர்மானத்தில் எழுதுங்கள்: நிலநடுக்க வரம்பைக் குறைக்கும் அதிகாரமோ டிடக்டிபிளை ஏற்றும் அதிகாரமோ யாருக்கு, எந்த எல்லை வரை. ஒரு வருடம் நான் இதை எழுதாமல் விட்டு, ஜூன் 28 மாலை சிட்டி அட்டர்னியோடு தொலைபேசியில் நின்றேன்.

8. பைண்ட் செய்த பிறகு

பைண்ட் செய்யச் சொல்வதை, அதாவது கவரேஜை உறுதிசெய்யச் சொல்வதை, எப்போதும் எழுத்தில் அனுப்புங்கள், வரம்பு, டிடக்டிபிள், தொகை எல்லாவற்றையும் குறிப்பிட்டு. பைண்டர் ஜூன் 30க்குள் கையில் வர வேண்டும், "நாளை அனுப்புகிறோம்" என்பதை ஏற்காதீர்கள். அதில் 30 நாளில் தர வேண்டிய ஆவணங்கள் என்று சில நிபந்தனைகள் இருக்கும், கையெழுத்திட்ட மதிப்புப் பட்டியல் மாதிரி. அவற்றைக் காலண்டரில் போடுங்கள்.

காப்பீடு பெறுபவர் பெயரைச் சரிபாருங்கள். நகரத்தின் பெயர் மட்டும் போதாது: நிதி ஆணையம், வீட்டுவசதி ஆணையம், 2012இல் மறுமேம்பாட்டு முகமைகள் கலைக்கப்பட்டபோது வந்த வாரிசு முகமை என்று சட்டப்படி தனியான அமைப்புகள் இருக்கும், சில கட்டடங்கள் அவற்றின் பெயரில்தான் பதிவாகியிருக்கும். பத்திர டிரஸ்டிக்கும், கூட்டம் நடத்த இடம் வாடகைக்குத் தரும் பள்ளி மாவட்டத்துக்கும் புதிய சான்றிதழ்களை முதல் வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள்.

முழுப் பாலிசி வர செப்டம்பர் ஆகலாம். வந்ததும் பைண்டரைப் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பாருங்கள். எங்களுக்கு ஒருமுறை வந்த பாலிசியில் தீயணைப்பு நிலையம் 2 இரண்டு தடவை இருந்தது, நிலையம் 3 இல்லவே இல்லை. திருத்தி எண்டார்ஸ்மென்ட் (பாலிசியோடு சேரும் திருத்தத் தாள்) வர நவம்பர் ஆனது.